வகுப்புத் தேர்தலா, வாக்குச்சாவடியா?

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஓட்டு என்றால் என்னவென்று காட்ட இரண்டு வழி உண்டு. தேர்தல் நாளில் கூடவே கூட்டிப்போவது ஒன்று; வகுப்புத் தலைவருக்குத் தேர்தல் வைப்பது இன்னொன்று.

சாவடிக்குப் போனால் வரிசையும் விரல் மையும் தெரியும். அவ்வளவுதான். 1961 தேர்தல் நடத்தை விதிகளின்படி வாக்காளரோடு உள்ளே போகக் கைக்குழந்தைக்குத்தான் இடம். நடக்கிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடலாம். யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் இயந்திரத்தின் சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டு விழுவதெல்லாம் அதற்குக் கதைதான்.

என் ஓட்டு வகுப்புக்கே. அட்டைப்பெட்டி, துண்டுச் சீட்டு, மறைப்புக்கு ஒரு பழைய சேலை போதும். பெயரோடு குடை, பலூன் என்று சின்னமும் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு அது என்று போகிறபோக்கில் சொல்லிவிடலாம். மிட்டாய் கொடுத்து ஓட்டுக் கேட்கிறவனும் வருவான் (எங்கே கற்றானோ!). அதை அங்கேயே பேசுங்கள். ஒரே ஓட்டில் தோற்றவள் "மறுபடி எண்ணுங்க மிஸ்" என்பாள். எல்லார் முன்னாலும் எண்ணிக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும்: கடைசியில் முதல் ரேங்க் பிள்ளையைத்தான் தலைவராக்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.