கிருஷ்ணகிரியிலிருந்து மறைஞானம் படிக்க: பல வருஷமாக நான் புழங்கும் இணைய நூலகங்கள்

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு சித்தர்களையும் சூஃபிகளையும் ஹெர்மஸ் என்ற பழைய ஞானியின் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும், அதுவும் காசு செலவில்லாமல் என்பேன். தேவாரமும் திருமந்திரமும் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். மற்ற மதங்களின் மறைஞான நூல்களுக்கு முன்பெல்லாம் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறவேண்டும். போனாலும் விலை கையைச் சுடும்.

இந்தத் துறைக்குள் வருகிற பலரும் முதலில் மிதிக்கிற வாசல் சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் தளம். ஜான் புரூனோ ஹேர் என்பவர் 1999-இல் தொடங்கியது. 2010-இல் அவர் காலமான பிறகும் நடந்துவருகிறது. பக்கங்கள் பெரும்பாலும் வெறும் எழுத்து என்பதால், சிக்னல் சரியாக இல்லாத இடத்திலும் திறந்துவிடும். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த 50 தொகுதி 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசை அங்கே இருக்கிறது. தேவார மூவரையும் மாணிக்கவாசகரையும் கிங்ஸ்பரி, பிலிப்ஸ் இருவரும் ஆங்கிலமாக்கிய 1921-ஆம் வருஷத்துப் புத்தகமும் இருக்கிறது.

ஆனால் இலவசத் தளங்களில் உள்ளவை பெரும்பாலும் காப்புரிமை காலாவதியான நூல்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய அறிவோடுதான் அவை பேசும். அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வெளிவந்த வருஷத்தைப் பார்க்கிறேன், அப்புறம் எழுதியவர் யார் என்று. ஹெர்மஸ் நூல்களுக்கு அங்கே கிடைப்பது ஜி.ஆர்.எஸ். மீட் 1906-இல் வெளியிட்ட பதிப்பு. மீட், பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரிடம் செயலராக இருந்தவர். அவருடைய விளக்கங்களில் அந்தச் சபையின் சாயல் இருக்கத்தான் செய்யும். இந்த நூல்களை மோசேக்குச் சமமான பழமை உடையவை என்று ஐரோப்பாவில் ரொம்ப காலம் நம்பினார்கள். ஐசக் கசோபன் என்ற அறிஞர் 1614-இல் அவற்றின் கிரேக்க நடையை அலசி, கிறிஸ்துவுக்குப் பிந்தியவை என்று காட்டினார். இது தெரிந்து படிக்கிறபோது ஒவ்வொரு பக்கமும் வேறு மாதிரி அர்த்தமாகிறது. ஞானவாதக் கிறிஸ்தவம் (ரகசிய ஞானத்தாலேயே விடுதலை என்று நம்பிய பழங்காலப் பிரிவுகள்) பற்றிய பழைய புத்தகங்களுக்கும் இதே கதைதான். 1945-இல் எகிப்தின் நாக் ஹமாதியில் மண்ஜாடிக்குள் சுவடிகள் அகப்படும் வரை, அந்தப் பிரிவினரைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்களுடைய எதிரிகள் எழுதி வைத்ததுதான். அந்தச் சுவடிகளின் மொழிபெயர்ப்புகளை நோசிஸ் (gnosis.org) தளத்தில் படிக்கலாம்.

தமிழுக்கு வந்தால் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து சேர்த்த செல்வம். எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் கொடுத்த படிப்பு இங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பக்கம் தாயுமானவரின் பராபரக்கண்ணி, இன்னொரு பக்கம் சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணி. இரண்டும் இரண்டடிக் கண்ணிகள், இரண்டிலும் 'பராபரமே' என்ற அதே அழைப்பு. பத்திரகிரியாரின் 'எக்காலம்' புலம்பலை அடுத்துத் திறந்தால், மஸ்தான் சாகிபிடம் எக்காலக்கண்ணியும் இருக்கிறது. சையத் பாஷா மலை தர்காவுக்குப் போகும் நண்பர் ஒருவருக்குப் போனில் இதைக் காட்டினேன். "அண்ணே, ரெண்டு பேரும் ஒரே மெட்டுல அழுவுறாங்களே" என்றார். மெட்டு ஒன்றுதான். அதற்காகக் கொள்கையும் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சூஃபி ஞானி முகியித்தீன் ஆண்டவர்மேல் முகியித்தீன் சதகம் பாடிய அதே மஸ்தான் சாகிபுதான் அகத்தியர்மேல் அகத்தீசர் சதகமும் பாடியிருக்கிறார். இரண்டையும் முழுசாகப் படித்தால்தான் அவர் எங்கே நிற்கிறார் என்று பிடிபடும்.

பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்கள்) பார்க்கவும் பழைய உரைகளுக்கும் அச்சுப் பிரதியே வேண்டும். அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும். ஆர்க்கைவில் தமிழ்ப் புத்தகத் தலைப்புகளை ஆளுக்கொரு விதமாக ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். தாயுமானவரை 'டி'க்குப் பின் 'ஹெச்' சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் தேடுங்கள், தமிழ் எழுத்திலும் போட்டுப் பாருங்கள். வேண்டியதை உடனே இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி அந்தத் தளமே பல நாள் முடங்கிக் கிடந்தது.

பௌத்தத்துக்கு சுத்தசென்ட்ரல் தளம் ஒன்றே போதும். பாலி மொழியில் உள்ள ஒரு 'சுத்த'த்துக்கு (புத்தரின் உரைக்கு) இணையான சீன, திபெத்தியப் பாடங்களைக் கூடவே காட்டும். ஒப்பீட்டுக்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. மறைஞான வரலாறு கேட்க, யூடியூபில் ஜஸ்டின் ஸ்லெட்ஜின் எசோடெரிக்கா சேனல். ஆங்கிலம் கொஞ்சம் வேகம்தான், ஆனால் ஆதாரம் சொல்லிப் பேசுகிறவர்.

'ரகசிய ஞானம்' என்று பெயர் வைத்துப் பணம் கேட்கும் பக்கங்களும் உண்டு. அப்படி ஒரு பக்கம் விலை சொன்ன சித்தர் பாடல் தொகுப்பு மதுரைத் திட்டத்தில் சும்மாவே கிடந்தது. கட்டுவதற்கு முன் நூலின் பெயரை மற்ற தளங்களில் தேடிவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஹெர்மஸை விட்டுவிட்டு அந்த இரண்டு பராபரக்கண்ணிகளிலிருந்தே தொடங்கலாம். இரண்டையும் உரை இல்லாமலே முதல் தடவை படிக்க முடியும்.