பெரிய கிராணிக்கு எந்தப் பச்சை மை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு 75 வயது நிறைகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 33 வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தவர், அதில் கடைசி 12 வருடம் பெரிய கிராணி. விடிகாலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, ஆபீசுக்கு வந்து செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டை எழுதி, சம்பளக் கணக்கு முடித்த கை. இன்றைக்கும் தினம் ஒரு பக்கம் எழுதாமல் படுக்கமாட்டார். பேனா அதே ஷங்காய் ஹீரோ 616, மை அதே நீலம்.

போன தீபாவளிக்கு அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் மாமா, வேற கலர்ல எழுதணும்னு தோணினதே இல்லையா?"

"பச்சை பிடிக்கும் தம்பி. ஆனா எங்க ஆபீஸ்ல நீலம் எங்களுக்கு, சிவப்பு துரைக்கு, பச்சை ஆடிட்டருக்கு. ஆடிட்டர் டிக் போடுற மையை நாங்க தொடக்கூடாது. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

அன்று இரவே முடிவு செய்துவிட்டேன், அவருக்குப் பச்சை மைதான் பரிசு என்று. தமிழ்நாட்டில் பச்சை மையில் கையெழுத்து என்றால் கெஜட்டட் அதிகாரி என்பார்கள். இங்கே தோட்டத்து ஆபீசில் வாழ்ந்த ஒருவருக்கு அந்த நிறத்தின் மதிப்பைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சிக்கல் எந்தப் பச்சை என்பதில்தான் வந்தது.

முதலில் ஓர் எச்சரிக்கை. எங்கள் டவுனில் எழுதுபொருள் கடையில் பச்சை மை கேட்டால், ரப்பர் முத்திரைக்கு ஊற்றும் மையையோ படம் வரையும் மையையோ எடுத்து வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. வரையும் மைகள் பலவற்றில் அரக்கு கலந்திருக்கும். காகிதத்தில் காய்ந்தால் பளபளக்கும், பேனாவுக்குள் காய்ந்தால் அந்தப் பேனாவின் கதை முடிந்தது. புட்டியில் 'ஃபவுன்டன் பென்' மை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இணையத்தில் நல்ல மைகளைச் சின்னக் குப்பிகளில் பிரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சில பச்சைகளை வரவழைத்தேன். என்னிடமும் ஒரு ஹீரோ 616 உண்டு, அதில் ஒவ்வொன்றாக நிரப்பி எழுதிப் பார்த்தேன். எழுதியது உயர்ந்த ஜப்பானியக் காகிதத்தில் அல்ல. மாமி ரகசியமாக எடுத்துக் கொடுத்த, மாமா பாதியில் விட்ட பள்ளிக்கூட நோட்டிலும், கடைக் கணக்கு எழுதும் 555 புத்தகத்திலும்தான். அவர் எழுதப்போவது அவற்றில்தானே.

ஹீரோ 616 பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மற்றது விளங்கும். முள் (நிப்) மெலிது, முக்கால்வாசி மூடியிருக்கும். உள்ளே இருக்கும் குழாயை அமுக்கி அமுக்கி மை இழுக்கவேண்டும். மெல்லிய கோட்டில் எந்த நிறமும் ஒரு படி மாறித் தெரியும். வெளிர் நிறம் காணாமல் போகும், அடர் நிறம் கறுப்புப் பக்கம் சாயும். கடையில் பட்டை முள்ளால் தீட்டிக் காட்டும் வண்ண மாதிரியை நம்பி மெல்லிய முள்காரருக்கு மை வாங்கினால் ஏமாற்றம்தான்.

இந்த ஒரு காரணத்தாலேயே இரண்டு பேர் முதல் சுற்றில் போனார்கள். ஒன்று ஜப்பானின் பைலட் நிறுவனத்தின் சிக்குரின், மூங்கில் காடு என்று பொருள். வாழைக் குருத்து மாதிரி அழகான மஞ்சள் பச்சை. எனக்கே விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு படிக்கவேண்டியிருந்தது, மாமாவின் கண்ணுக்கு அது கொடுமை. அடுத்தது பிரான்சின் ஹெர்பின். 1670-ல் தொடங்கிய நிறுவனம், அவர்களுடைய லியேர் சோவாஜ், அதாவது காட்டுப் படர்கொடி, நல்ல இலைப் பச்சை. 30 மில்லி புட்டியின் முன்பக்கம் பேனாவைச் சாய்த்து வைக்க ஒரு பள்ளம் வைத்திருப்பார்கள், அது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மெல்லிய முள்ளில் நிறம் தண்ணீர் கலந்ததுபோல் இளைத்துவிட்டது.

அதே ஹெர்பின் 2015-ல் கொண்டுவந்த எமரால்ட் ஆஃப் சிவோர் வேறு ரகம். கொலம்பியாவின் மரகதச் சுரங்கத்தின் பேர், நீலம் கலந்த பச்சை, அதில் பொன் துகள், மேலே சிவப்பு மினுக்கம். பரிசு என்றதும் தம்பி மனைவி இதைத்தான் காட்டினாள். பார்க்கக் கொள்ளை அழகு, மறுக்கவில்லை. ஆனால் துகள் அடியில் தங்கும், நிரப்பும்போதெல்லாம் குலுக்கவேண்டும். முள் மூடியிருக்கும் பழைய பேனாவுக்குள் போனால் எளிதில் கழுவி எடுக்க முடியாது. 40 வருடப் பேனாவை வைத்து அந்தச் சோதனை வேண்டாம்.

தண்ணீருக்கு அழியாத மை வேண்டும் என்று மாமாவின் மகன் சொன்னான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு, பேராக் மழைக்கு ஒழுகாத வீடு ஏது. பிளாட்டினம் நிறுவனத்தின் கிளாசிக் வரிசையில் ஃபாரஸ்ட் பிளாக் என்று ஒன்று இருக்கிறது, இரும்பு உப்பு சேர்ந்த மை. எழுதும்போது பச்சை, காற்றுப் பட்டதும் மெல்லக் கறுத்து, காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். நிலைத்து நிற்கும், உண்மைதான். ஆனால் பச்சைக்காக இத்தனை வருடம் காத்திருந்தவரிடம் கறுத்துப்போகிற பச்சையை எப்படிக் கொடுப்பது?

ஜெர்மனியின் பெலிக்கன் 4001 பச்சைக்கு நான் ஒரு வாரம் கொடுத்தேன், அது தகுந்தது. மலிவுக் காகிதத்தில் இதைப்போல ஒழுங்காக நடந்துகொண்ட மை வேறில்லை. இங்கே தமிழ் எழுதுபவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மை கசிந்தால் ஆங்கில எழுத்து கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். நம் எழுத்து சுழியால் ஆனது. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் கசிவில் அடைத்துக்கொண்டால் ஒரே உருண்டையாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாமா சின்ன எழுத்துக்காரர், செக்ரோல் கட்டத்துக்குள் எழுதிப் பழகியவர். பெலிக்கனில் எழுதிய பக்கத்தில் ஒவ்வொரு சுழியும் கண் திறந்திருந்தது. குறை என்னவென்றால், அது இறுக்கமாக ஓடும் மை. ஏற்கெனவே கஞ்சத்தனமாகத் தரும் ஹீரோ முள்ளில் இன்னும் இறுகிற்று, காகிதத்தைச் சுரண்டும் உணர்வு. 75 வயதுக் கையை அழுத்த வைக்கக்கூடாது.

மிஞ்சியது இரண்டு. பைலட் இரோஷிசுக்கு வரிசையின் ஷின்ரியோக்கு, இங்கிலாந்தின் டயமைன் ஷெர்வுட் கிரீன்.

ஷின்ரியோக்கு என்றால் ஆழ்ந்த பச்சை. 2007-ல் வந்த இந்த வரிசையின் 50 மில்லி புட்டியைக் கையில் எடுத்தாலே போதும், வேறு பரிசுப் பொட்டலம் வேண்டாம். கனத்த கண்ணாடி, கழுத்தில் கயிறு, கடைசிச் சொட்டும் ஓரிடத்தில் சேர அடியில் ஒரு குழி. எழுதும்போது வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகும், எனக்குத் தெரிந்து கைவலிக்காரர்களுக்கு இதைவிட இதமான பச்சை இல்லை. மழை நாளில் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் ஒரு பச்சை நம்மைச் சூழுமே, நீலமும் இருட்டும் கலந்து, அது இது.

டயமைன் 1864-லிருந்து மை காய்ச்சும் லிவர்ப்பூல்காரர்கள். ஷெர்வுட் ராபின் ஹூட்டின் காடு. ஆனால் எனக்கு அந்தக் காடு நினைவுக்கு வரவில்லை. கித்தா (ரப்பர்) மரம் இலையுதிர்த்து, செந்தளிர் விட்டு, அந்தத் தளிர் முற்றி வெயிலில் நிற்கும்போது வரும் பச்சைதான் நினைவுக்கு வந்தது. பைலட் அளவுக்கு வழுக்காது, பெலிக்கன் அளவுக்கு இறுகாது. கோட்டின் தொடக்கத்தில் இளசு, முடிவில் அடர்த்தி.

இரண்டையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதி, மாமா எழுதும் இடத்திலேயே, வரவேற்பறை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மெல்லிய முள்ளில் ஷின்ரியோக்கு இருண்டு, கருநீலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. நாலடி தள்ளி நின்ற மாமியிடம் கேட்டேன். "மேலே கறுப்பு, கீழே பச்சை" என்றார். பகல் வெளிச்சத்தில் அது பச்சைதான், ஆனால் மாமா எழுதுவது இரவு எட்டு மணிக்கு மேல். நோட்டுத் தாளிலும் அதன் தாராள ஓட்டம் கசிந்து, 'கண்ணன்' என்ற சொல்லில் நடு ண-க்கள் கொஞ்சம் அடைத்துப்போயின. ஷெர்வுட்டில் அங்கங்கே பிசிறு இருந்தது, சுழிகள் தப்பித்தன. காய்ந்த பிறகு ஈரவிரல் பட்டால் இரண்டுமே கலையும். அதில் யாருக்கும் வெற்றி இல்லை.

பெறுகிறவர் பட்டை முள் பேனாவும் நல்ல காகிதமும் வைத்திருப்பவர் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஷின்ரியோக்கு வாங்குங்கள். முழுப் புட்டிக்குக் கைக்காசு இடிக்கிறது என்றால் அதே மை 15 மில்லி குட்டிப் புட்டியிலும் வருகிறது. மாமாவுக்கு நான் வாங்கியது ஷெர்வுட் கிரீன். டயமைனின் 30 மில்லி பிளாஸ்டிக் புட்டி மலிவு, வாய் குறுகல், ஒல்லியான ஹீரோவுக்கு அது தடையில்லை. ஆனாலும் பார்க்க இருமல் மருந்துபோல் இருக்கிறது, கை பட்டால் கவிழவும் செய்யும். அதனால் 80 மில்லி கண்ணாடிப் புட்டியையே எடுத்தேன். மேசையில் அசையாமல் உட்காரும். ஒரு தடவை நிரப்ப ஒரு மில்லிகூடப் போகாத பேனாவுக்கு இது வருடக்கணக்கில் வரும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. மாமாவின் பேனாவுக்குள் பல வருட நீலம் ஊறியிருக்கிறது, அப்படியே பச்சையை இழுத்தால் முதல் வாரம் முழுக்க மயில் கழுத்து நிறம்தான் வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது காரணம் சொல்லி மாமாவிடமிருந்து அந்தப் பேனாவை வாங்கித்தரச் சொல்லி மாமியிடம் சொல்லியிருக்கிறேன். வெந்நீர் கூடாது, குழாய் கெட்டுவிடும். குளிர்ந்த தண்ணீரில் முள்ளை முக்கி, நீலம் நின்று தண்ணீர் தெளிகிற வரை அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ராத்திரி முழுக்கத் துணியில் முள் கீழாக நிறுத்திக் காயவைத்தால், காலையில் பேனா தயார்.