சீல் பிரிக்காத பெட்டிக்குள் 19,000 மணி நேரம் ஓடிய எஸ்எஸ்டி

சென்னை ரிச்சி தெருவுக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் மெமரி டிஸ்க்) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பழைய லேப்டாப்புக்கு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். ஆன்லைன் விலையைவிட 1,500 ரூபாய் குறைவு. சீல் போட்ட பெட்டி, பளபளவென்று லேபிள். "புது பீஸ் சார், கடை வாரண்டி ஒரு வருஷம்" என்றார்கள். புது பீஸ் என்றால் கம்பெனி வாரண்டி எங்கே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். விலை என் வாயை அடைத்துவிட்டது.

14 மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் எந்த ஃபைலையும் சேவ் செய்ய முடியவில்லை, திறக்க மட்டும் முடிந்தது. ஹார்ட் டிஸ்க்காவது பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுச் சாகும். இது மூச்சே விடவில்லை. போட்டோக்களை அவசரமாகக் காப்பி போட்டுக்கொண்டே, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தேன். ஓடிய நேரம் 19,000 மணிக்கு மேல்! 14 மாதம் இரவு பகலாக அணைக்காமல் வைத்திருந்தால்கூட 10,000 மணிச் சொச்சம்தான் வரும். எங்கோ ஒரு சர்வரில் மாடாக உழைத்துத் தேய்ந்ததைப் புதுப் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். போட்டோக்களில் பாதி வருவதற்குள் டிஸ்க் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படைத் திரை) காணாமல் போனது.

கடைக்குப் போனேன். "எஸ்எஸ்டின்னா எழுத எழுதத் தேயத்தான் சார் செய்யும்" என்றார் முதலாளி. அது பொய்யில்லை. ஃபிளாஷ் மெமரியின் ஒவ்வொரு செல்லையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறதே? சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 5 வருஷம் அல்லது 600 டெராபைட் எழுதும்வரை வாரண்டி. தினமும் 30 ஜிபி எழுதினால் அந்த 600ஐத் தொட 54 வருஷத்துக்கு மேல் ஆகும். என்னுடையது வேறு கம்பெனி, 360தான் என்று வைத்துக்கொண்டாலும் 32 வருஷத்துக்கு மேல். நான் தினமும் 10 ஜிபி எழுதினாலே அதிகம்.

சரி, வாங்கும்போது கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதுசு என்றால் ஓடிய நேரமும் எழுதிய அளவும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில கண்ட்ரோலர்களில் (டிஸ்க்கை இயக்கும் சிப்) அந்த எண்களையே அழித்துப் பூஜ்யமாக்க மென்பொருள் உண்டு. லேபிளில் உள்ள சீரியல் எண்ணும் திரையில் தெரிவதும் ஒன்றுதானா, கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு வாரண்டி காட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

என் பில்லில் 'எஸ்எஸ்டி 1 டிபி - 1' என்று மட்டும்தான் இருந்தது. அதை நீட்டியதும் முதலாளி டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது நம்ம கடையில வாங்கினதுதானா சார்?"