கொழுப்பா, கிளைக்கோஜனா: உடம்பு எதை நம்பி ஓடுகிறது?

ஒரு கிராம் கொழுப்பை எரித்தால் சுமார் 9 கிலோகலோரி கிடைக்கும், குளுக்கோஸைக் கோத்துச் சேமித்த வடிவமான கிளைக்கோஜனுக்கு ஒரு கிராமுக்கு 4தான். போதாததற்குக் கிளைக்கோஜன் தனியாகவும் இருக்காது. கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் சுமக்கிற எடைக்கு எவ்வளவு சக்தி என்று பார்த்தால் கொழுப்பு ஆறு மடங்குக்கும் மேலே நிற்கிறது. அப்புறம் எதற்குக் கல்லீரலும் தசையும் இந்த ஈரமூட்டையைக் கட்டிக்கொண்டு அழுகின்றன? "கொழுப்புதான் சிறந்த சேமிப்பு" என்று ஒற்றை வரியில் படித்துவிட்டுப் போகிற இடம் இது. எனக்கு அந்த வரியில் எப்போதுமே திருப்தி இல்லை.

முதலில் அந்த 9க்கும் 4க்கும் காரணம் என்ன? எரிவது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது. குளுக்கோஸ் ஏற்கெனவே பாதி எரிந்த கட்டை மாதிரி: அதன் மூலக்கூறு எடை 180, அதில் 96 ஆக்சிஜனுக்கே போய்விடுகிறது. நம் கொழுப்பில் தாராளமாக இருக்கிற பால்மிட்டிக் அமிலத்தை எடுத்தால் எடை 256, ஆக்சிஜன் வெறும் 32. மீதி எல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும், இன்னும் தீ படாத காய்ந்த விறகு. தண்ணீர் விஷயமும் இதே கதைதான். குளுக்கோஸைச் சுற்றி இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தண்ணீரை விடாமல் இழுத்துக்கொள்ளும், கொழுப்பின் நீண்ட வால்களுக்குத் தண்ணீரே ஆகாது.

புரதத்தையும் போட்டியில் சேர்க்கலாமே என்று யாராவது கேட்பார்கள். சேர்க்க வேண்டாம். அதுவும் கிராமுக்கு 4தான், எரித்த பிறகு நைட்ரஜன் கழிவை வேறு வெளியேற்றியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நம் உடம்பில் சும்மா சேமித்து வைத்த புரதம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, இருப்பதெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிற தசையும் நொதியும். குளிருக்காக வீட்டுக் கதவைக் கழற்றி அடுப்பில் வைப்பது மாதிரி அது.

சரி, 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம், ஆக மொத்தம் அரை கிலோ கிளைக்கோஜன், அதாவது 2,000 கிலோகலோரி. கொழுப்பு 12 கிலோ என்று வைத்தால் 1,08,000. அந்தக் கொழுப்பு முழுவதையும் கிளைக்கோஜனாக மாற்றி வைத்தால் உலர் எடையே 27 கிலோ, தண்ணீரைக் குறைவாகப் பிடித்துக் கணக்குப் போட்டாலும் 80 கிலோவைத் தாண்டும். ஆள் எடை இரண்டு மடங்காகிவிடும், மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு.

பறக்கிறவர்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளங்குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை சுமார் 13,560 கிலோமீட்டரை, 11 நாளில், எங்கேயும் இறங்காமல் கடந்தது. கிளம்பும்போது இந்தப் பறவைகளின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பாகவே இருக்கும். கிளைக்கோஜனை நம்பி இந்தப் பயணத்துக்குக் கிளம்பினால் தரையை விட்டே எழும்ப முடியாது.

இதுவரை பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கிற ஒருவர் திடீரென்று ஓட ஆரம்பிக்கிற அந்த முதல் நிமிடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்.

கொழுப்பு தசைக்கு வந்து சேர்கிற வழி நீளமானது. கொழுப்புத் திசுவில் ட்ரைகிளிசரைடை, அதாவது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் ஒட்டிய சேமிப்பு வடிவத்தை, நொதிகள் வெட்ட வேண்டும். வெளியே வந்த கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கரையாது என்பதால் ஆல்புமின் புரதத்தின் முதுகில் ஏறி வர வேண்டும். தசை செல்லுக்குள் நுழைந்த பிறகும் கார்னிட்டின் என்ற சிறு மூலக்கூறு கைபிடித்து அழைத்துப்போனால்தான் செல்லின் சக்தி உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுமதி. உள்ளே போய் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட வேண்டும், 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலத்துக்கு ஏழு வெட்டு. இத்தனையும் ஆனால் 106 ஏடிபி (செல் செலவழிக்கிற சக்திக் காசு), கொழுத்த லாபம்தான், ஆனால் ஆக்சிஜன் இல்லையென்றால் ஒன்றுகூடக் கிடையாது.

கிளைக்கோஜன் அப்படியில்லை, அது தசைக்குள்ளேயே கிடக்கிறது. அதன் அமைப்பே அவசரத்துக்காகச் செய்தது போல இருக்கும்: 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை, கிளையில் கிளை, அதனால் ஒரே துகளுக்கு ஆயிரக்கணக்கான நுனிகள். பாஸ்பாரிலேஸ் நொதி நுனியிலிருந்துதான் கடிக்கும் என்பதால் நுனி எத்தனையோ அத்தனை வாய். ஆக்சிஜன் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கிளைக்கோஜனிலிருந்து கழன்று வரும் ஒவ்வொரு குளுக்கோஸும் ஆக்சிஜன் இல்லாமலே 3 ஏடிபி தரும். மூன்றுதானா என்று தோன்றும், ஆனால் அது அந்த நொடியே கையில் கிடைக்கிறது.

இது வெறும் தியரி இல்லை. 1951இல் பிரையன் மெக்கார்டில் என்ற மருத்துவர் விவரித்த ஒரு நோயில், தசையில் அந்த பாஸ்பாரிலேஸ் நொதி வேலை செய்யாது. கிளைக்கோஜன் நிறைய இருக்கும், தொட முடியாது. இவர்களிடம் கொழுப்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் வேகமாக நடக்க ஆரம்பித்தாலே தசை வலித்து இறுகிவிடும். அங்கேயே வேகத்தைக் குறைத்துச் சில நிமிடம் தள்ளினால், ரத்தத்திலிருந்து கொழுப்பு அமிலமும் குளுக்கோஸும் போதுமான அளவு வந்து சேர்ந்து, நடை தானாகவே இலகுவாகும். இரண்டு எரிபொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்படமும் காட்டாது என்பேன்.

மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு இதன் மறுமுனை தெரியும். ஒரு கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி என்று தோராயமாக வைத்தால் 70 கிலோ ஆளுக்கு 42.195 கிலோமீட்டருக்கு சுமார் 2,950 வேண்டும், கிளைக்கோஜன் இருப்பு 2,000. 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிப்போவது இதனால்தான். கொழுப்பு அப்போதும் கிலோ கணக்கில் மிச்சம் இருக்கும், ஆனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு: ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் குளுக்கோஸ் 5 ஏடிபி அல்லது கொஞ்சம் கூடவே தரும், கொழுப்பு தருவது 4.6தான். மூச்சு வாங்கும்போது இதுவும் கணக்கில் சேரும்.

கிளைக்கோஜன் பர்ஸில் இருக்கும் பணம், கொழுப்பு பேங்கில் இருக்கும் பணம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், தப்பு. பேங்க் பணத்தை எடுத்துப் பர்ஸில் வைக்கலாம். கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்ற நம் உடம்புக்கு வழியே இல்லை, கூட ஒட்டியிருக்கும் கிளிசராலிலிருந்து கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். மூளையோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும், மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத சிவப்பணுக்களுக்கு வேறு எதுவும் செல்லாது. தசையில் இருக்கும் 400 கிராமும் தசைக்கு மட்டும்தான், ரத்தத்துக்குத் திரும்பி வராது. ஆக, இரவெல்லாம் மூளையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கல்லீரலின் அந்த 100 கிராம்.

கல்லீரலின் இந்த வேலையை கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1850களில் பிடித்த விதம் அழகு. கல்லீரல் ஒன்றின் ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி, சர்க்கரை துளியும் வராத அளவுக்குக் கழுவினார். மறுநாள் பார்த்தால் அதே கல்லீரலில் மறுபடி சர்க்கரை. உள்ளேயே ஏதோ சர்க்கரையாக மாறுகிறது என்று புரிந்துகொண்டு, 1857இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார், அதுதான் கிளைக்கோஜன். குளுக்கோஸை அப்படியே சேமிக்காமல் எதற்குக் கோத்து வைக்க வேண்டும் என்றால், தனித்தனியாகக் கரைந்து கிடந்தால் அது இழுக்கிற தண்ணீரில் செல் வீங்கி வெடித்துவிடும்.

சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ போனதாகக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அரை கிலோவையும் அதோடு இருந்த தண்ணீரையும்தான் இழந்திருப்பார்கள். கொழுப்பு அதற்குள் அவ்வளவு அசையாது. கல்லீரல் இருப்பு தீர்ந்த பிறகு உடம்பு தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்யும், அப்புறம் மெல்ல மெல்லக் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைச் செய்து மூளையைப் பழக்கும். 12 கிலோ கொழுப்பை வைத்துக்கொண்டு தசையை அறுக்க வேண்டிவருகிறதே என்பதுதான் எனக்குக் கொழுப்பின் மேல் இருக்கும் பெரிய வருத்தம்.

எண்ணெய் விதைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பல விதைகள் காற்றில் போக வேண்டும், கனமில்லாமல் இருக்க வேண்டும், அதனால் கொழுப்பைச் சேர்க்கும். முளைக்கிற நேரத்தில் கிளையாக்ஸிலேட் சுழற்சி என்ற வேதிவினைத் தொடர் வழியாக அதையே சர்க்கரையாக மாற்றிக் குருத்துக்கு அனுப்பும். அதற்கு வேண்டிய இரண்டு நொதிகள், ஐசோசிட்ரேட் லையேஸும் மாலேட் சிந்தேஸும், நம் சக்திக் கணக்கில் இல்லவே இல்லை. அவை மட்டும் இருந்திருந்தால் கல்லீரலின் அந்த 100 கிராமுக்கு இவ்வளவு பொறுப்பு விழுந்திருக்காது, தசையில் இருக்கும் 400 கிராமுக்கு மட்டும் அப்போதும் மாற்று இல்லை.