சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ்: அதை வாங்கிய அண்ணன் ஒருவரின் மதிப்பீடு

ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்தில் வசிக்கும் என் தங்கைக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. தாயார் எழுபது வயதைக் கடந்துவிட்டதால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி அவளுக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ் பெற்றோம். இச்சேவை குறித்து, இதே கவலையில் இருக்கும் நம் கடலோரக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், பெற்றவர் என்பதற்காக மட்டுமே அவருக்காகக் கையெழுத்திடும் உரிமை இல்லை என்பது பலருக்கு வங்கியில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே இச்சட்டம் பொருந்தும். மனநோய் இதில் அடங்காது. ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழுவே முடிவெடுக்கிறது என்பதால், நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை.

பெற்றோர் தாம் விரும்பும் ஒருவரை முன்மொழியச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தாயார் என்னை முன்மொழிந்தார். ஆனால் பெண்ணுக்கு ஓர் ஆண் தனியாகப் பாதுகாவலராக முடியாது, மனைவியும் சேர வேண்டும் என்பது விதி. நாளை தங்கையைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடப் போகிறவர் என் மனைவிதான் என்பதால், இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது இந்த விதியையே. (அண்ணியைக் கேட்காமலேயே "அண்ணி பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிடுவதுதானே நம் வீட்டு வழக்கம்!) நியமனமான ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டியிருப்பது அலுப்புத் தரும் வேலைதான்; பூர்விக வீட்டில் அவளுக்கு உள்ள பங்கை நானே விழுங்கிவிடாமல் காப்பதும் அதுதான்.

கவனிப்புக்கு இச்சான்றிதழில் வழியில்லை. சூடை மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து தந்தால்தான் தங்கை சாப்பிடுவாள். வலிப்பு மாத்திரையை வாழைப்பழத்தினுள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் அம்மாவின் முந்தானையை விடமாட்டாள். இவற்றை எழுத விண்ணப்பத்தில் இடமில்லாததால், அம்மா சொல்லச் சொல்ல என் மகள் ஒரு நோட்டில் குறித்து வருகிறாள். மாநில அரசின் 2,000 ரூபாய் மாத உதவித்தொகையும், 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீடும் ஓரளவு கைகொடுக்கும். ஆயினும் எங்களுக்கும் முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்ட மாவட்டம் இது. "ஹோமில் விடலாம்" என்ற பேச்சை எடுத்தாலே தாயார் எழுந்து போய்விடுகிறார்.

விசைப்படகுக் குடும்பங்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விண்ணப்பிப்பது நல்லது. குழு அழைக்கும் நாளில் ஆண்களும் கரையில் இருப்பார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மட்டும் அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.