ஓடா, ஷிங்கிளா, ஃபோமா: ஃபீனிக்ஸ் வெயிலில் கூரை மாற்றும் கணக்கு

"ஓடு ஒண்ணுகூட உடையலையே, எதுக்குடா மாத்தணுங்கறே?"

வீடியோ காலில் கூரையைக் காட்டியபோது அம்மா கேட்டது இது. ஓட்டு வீட்டிலேயே வாழ்ந்தவர். மழைக்கு முன்னால் ஆளை ஏற்றி, உடைந்த மங்களூர் ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் அனுபவம். ஊர் ஓடு தானே மழையைத் தாங்கும். அதற்கு அடியில் ரீப்பரும் காற்றும்தான் இருக்கும். நான் இருக்கும் அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கத்துக் கான்கிரீட் ஓட்டின் கதை வேறு. அது வெயிலை வாங்கிக்கொள்ளும், விழும் தண்ணீரில் பெரும்பகுதியை வழித்துவிடும். மீதி உள்ளே போகும். அதைத் தடுப்பது மரப்பலகை மேல் விரித்த தார்த்தாள். இங்கே அதற்கு அண்டர்லேமென்ட் என்று பெயர். ஓட்டுக்கு 50 ஆண்டுக்கு மேல் ஆயுள். சாதாரணத் தார்த்தாளுக்கு இந்த ஊரில் 20 ஆண்டு தாண்டினாலே பெரிது.

எங்கள் வீடு 2001-இல் கட்டியது. கூரைக்காரர் ஓரத்து ஓடு ஒன்றைத் தூக்கி, அடியில் இருந்த தாளைக் கிள்ளிக் காட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேலே ஓடு புதுசு போலவே இருந்தது. 1990-களிலும் 2000-களிலும் இங்கே வரிசை வரிசையாக எழுந்த ஓட்டு வீடுகளில் ஏராளமானவை இப்போது இதே வயதில்தான் நிற்கின்றன.

பாலைவனத்தில் கூரையைக் கொல்வது மழை இல்லை, வெயில். 1990 ஜூன் 26 அன்று ஃபீனிக்ஸில் 122 டிகிரி பாரன்ஹீட், அதாவது 50 செல்சியஸ். 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாளும் ஒன்றுவிடாமல் 110-ஐத் தொட்டது. இது நிழலில் அளந்த காற்றின் சூடு. கறுப்புக் கூரையின் மேல்பரப்பு 160-ஐத் தாண்டும். தாரில் உள்ள எண்ணெய்ப் பசை ஆண்டுக்கு ஆண்டு வற்றி, தாள் விறைத்து, வெடிக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே ஏழெட்டு அங்குலம்தான் என்பதால், தாள் செத்து ஒரு வருடம் ஆகியும் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூலையில் மான்சூன் புயல் ஒன்று புழுதியோடு வந்து அரை மணி நேரம் கொட்டும்போதுதான் ஹால் சீலிங்கில் பழுப்பு வட்டம் தெரியும். அன்றைக்குக் கூரைக்காரருக்குப் போன் போட்டால் வரிசையில் நூறாவது ஆள் நீங்கள்.

சரி, என்னென்ன வழி உண்டு? மூன்றையும் 2,500 சதுர அடிக் கூரைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வீட்டின் பரப்பும் கூரையின் பரப்பும் ஒன்றல்ல. சரிவு, தாழ்வாரம், கார் ஷெட் எல்லாம் சேர்ந்து கூரை எப்போதும் பெரிதாகத்தான் வரும். விலைகள் கைக்கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும்.

ஓட்டு வீட்டுக்காரருக்கு முதல் வழி, ஓட்டைக் கழற்றி அடுக்கி, தாளை மாற்றி, அதே ஓட்டைத் திரும்பப் போடுவது. சதுர அடிக்கு 7 டாலர் என்றால் 17,500. நல்ல தாள் போட்டால் 25, 30 ஆண்டுக்குக் கவலை இல்லை. இதே வேலைக்கு இன்னொருவர் 14,000 கேட்பார். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் 'அண்டர்லேமென்ட்' என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தால், அது 30 பவுண்ட் ஃபெல்ட் என்ற பழைய ரகமா, ரப்பர் கலந்த கனத்த ரகமா, சிந்தெட்டிக்கா, ஒரு அடுக்கா, இரண்டா என்று கேளுங்கள். மொத்தச் செலவில் பெரும்பங்கு ஓட்டைக் கழற்றி மாட்டும் கூலிதான். நல்ல தாளுக்கும் மட்டமான தாளுக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு முன்னால் அற்பம். 3,500 டாலர் மிச்சம் பிடித்தால், பத்துப் பதினைந்து ஆண்டில் அதே கூலியை இன்னொரு முறை அழ வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஷிங்கிள். தார்ப்பூச்சின்மேல் கல்மணல் ஒட்டிய தகடு. சதுர அடிக்கு ஐந்தரை டாலர் போட்டால் 13,750. குளிர்ப் பிரதேசத்தில் 25, 30 ஆண்டு வரும் சரக்கு இங்கே 15 முதல் 20 ஆண்டில் மணலை உதிர்த்து ஓரம் சுருண்டுவிடும். பெட்டிமேல் அச்சடித்த ஆயுளை நம்பாதீர்கள். அது இந்த வெயிலைப் பார்த்து எழுதியதில்லை. 28 ஆண்டுக்குள் இரண்டாவது முறை போட்டே ஆக வேண்டும்: இன்றைய விலையிலேயே 27,500. பழைய ஷிங்கிளைப் பிரிக்காமல் மேலேயே புதியதை அடித்துத் தருகிறேன், மலிவு என்பவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அடி அடுக்கின் சூடு மேல் அடுக்கை இன்னும் சீக்கிரம் தின்னும், அடியில் பலகை மக்கியிருந்தாலும் தெரியாது.

"ஓட்டை எடுத்துவிட்டு ஷிங்கிள் போடலாமே" என்றும் ஒருவர் சொன்னார். குடியிருப்போர் சங்கம், அதாவது எச்.ஓ.ஏ., பெரும்பாலும் ஒப்பாது. ஒப்பினாலும் எனக்கு மனசில்லை. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் காற்று இடைவெளி சூட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது; ஷிங்கிளில் அது கிடையாது. எதிர்த்திசையில், ஷிங்கிள் வீட்டுக்கு ஓடு போட ஆசைப்பட்டால், எடையை மறக்கக்கூடாது: 100 சதுர அடிக்குக் கான்கிரீட் ஓடு ஏறக்குறைய 900, 1,000 பவுண்ட், ஷிங்கிள் 200-இலிருந்து 350 வரை. பொறியாளர் வந்து சட்டங்களைப் பார்த்துச் சொல்லாமல் ஏற்றக்கூடாது. செலவும் 30,000-ஐ எளிதாகத் தாண்டும்.

ஃபோம், உண்மையில், மற்ற இரண்டுக்கும் போட்டியே இல்லை. அது தட்டைக் கூரைக்கு. மத்திய ஃபீனிக்ஸில் 1950, 60-களில் கட்டிய பழைய வீடுகளில் மொட்டைமாடி போலத் தட்டையாக இருக்கும் கூரைமேல் பாலியூரித்தேனைப் பீய்ச்சினால் நுரைத்து, இறுகி, ஒரே துண்டாகிவிடும். இணைப்பே இல்லை, ஒழுகும் இடமும் குறைவு. சூட்டைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் மதிப்பு ஒரு அங்குலத்துக்கு ஆறுக்கு மேல் என்பதால் ஏசி பில்லும் குறையும். குணத்தில் எனக்கு இதுவே பிடிக்கும். ஆனால் இதை வாங்குவதும் மாடு வாங்குவதும் ஒன்று, தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் பட்டால் ஃபோம் பொடிந்துபோகும். மேலே பூசிய வெள்ளைப் பூச்சுதான் உயிர். அதை ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் மறுபடி பூச வேண்டும். முதலில் 15,000, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை 5,000 என்று வைத்தால், 28 ஆண்டுக்கு மூன்று பூச்சும் சேர்ந்து 30,000. ஒரு பூச்சைத் தள்ளிப் போட்டால் ஃபோமையே வெட்டியெடுக்க நேரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் பூச்சு நிற்காது, சிலிக்கான் கேளுங்கள்.

எந்த வழியானாலும் எஸ்டிமேட்டுக்கு வெளியே சில செலவுகள் ஒளிந்திருக்கும். பலகை மக்கியிருந்தால் 32 சதுர அடித் தகடு ஒன்றுக்கு என்ன விலை என்று முன்னாலேயே எழுதி வாங்குங்கள். கூரையைப் பிரித்த பிறகு பேரம் பேச முடியாது. மேலே சோலார் இருந்தால் கழற்றி மாட்ட பேனல் ஒன்றுக்கு 200, 300 டாலர் ஆகலாம். ஓட்டின் கீழே ஆயுள் முடியப்போகிற தாளை வைத்துக்கொண்டு மேலே சோலார் போடுவது இந்த ஊரில் நான் பார்த்த பெரிய பணவிரயம். "சோலாரோடு சேர்த்தால் கூரைக்கும் வரிச்சலுகை" என்று இன்னும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: கூரைப் பொருட்களுக்கான மத்திய வரிச்சலுகை 2022-உடன் நின்றது, வீட்டு சோலாருக்கான 30 சதவீதமும் 2025 இறுதியோடு முடிந்தது.

இன்ஷூரன்ஸ் ஆலங்கட்டிக்குப் பணம் கொடுக்கும். 2010 அக்டோபரில் ஃபீனிக்ஸில் ஒரே நாள் கல்மழைக்கு ஊரே கூரை மாற்றியது. வெயிலில் நைந்ததற்குக் கொடுக்காது. அது தேய்மானம்.

ஆளைப் பொறுத்தவரை, அரிசோனாவில் ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்ததாரர் பதிவாளரிடம் உரிமம் வேண்டும். வீட்டுக் கூரைக்கு ஆர்-42, அல்லது வீடும் கடையும் சேர்ந்த சிஆர்-42. பதிவாளரின் தளத்தில் எண்ணைத் தட்டினால் புகார்களும் தெரியும். உரிமம் பெற்றவர் ஏமாற்றினால் மாநில மீட்பு நிதியில் வீட்டுக்கு 30,000 டாலர் வரை கோரலாம். உரிமம் இல்லாதவரிடம் போனால் அந்தக் கதவு அடைப்பு. வேலையை அக்டோபர் முதல் மே வரை முடித்துவிடுவது நல்லது.

நாங்கள் ஓட்டைக் கழற்றித் திரும்பப் போட்டோம், கனத்த தாளோடு. கழற்றும்போது நூற்றுக்கு ஐந்தாறு உடையும் என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே உடைந்தது. எங்கள் ஓட்டின் அச்சு இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய ஓடு விற்கும் யார்டில் தேடித்தான் சேர்த்தார்கள். மிச்சம் வந்த இருபத்தி மூன்றைத் தூக்கிப்போடப் போனவரைத் தடுத்து, ஏசி பெட்டிக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த வீடியோ காலில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதையாவது ஒழுங்கா செஞ்சியே" என்றார்.