மங்கா ஓவியங்களுக்குக் கோபிக் ஸ்கெட்ச் மார்க்கர்கள்

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைப் பாணி ஓவியங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு, ஜப்பானின் டூ நிறுவனம் தயாரிக்கும் கோபிக் ஸ்கெட்ச் மார்க்கரைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 1987இல் தொடங்கிய கோபிக் வரிசையைச் சேர்ந்த இந்த வகை, 358 நிறங்களில் கிடைக்கிறது. இதன் ஒரு முனை தூரிகைபோல் வளைந்து, கையின் அழுத்தத்திற்கேற்ப மெல்லிய கோட்டையும் அகன்ற பூச்சையும் தருவதால், கதாபாத்திரங்களின் தலைமுடிக் கற்றைகளைத் தீட்ட இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

இதன் மை ஆல்கஹால் கலந்தது என்பதால், முதல் பூச்சு உலர்வதற்குள் அடுத்த நிறத்தைச் சேர்த்தால் இரண்டும் எல்லை தெரியாமல் ஒன்றிவிடும். முகத்தில் E00 என்ற குறியீடுள்ள வெளிர் தோல் நிறத்தைப் பரப்பி, முன்முடியின் அடியிலும் கழுத்திலும் சற்றே அடர்ந்த E11ஆல் நிழலிட்டு, மீண்டும் E00ஆல் ஓரங்களை மென்மையாக்குவது மிகச் சிறந்த தொடக்கப் பயிற்சி. குறியீட்டின் எழுத்து நிறக் குடும்பத்தையும், கடைசி இலக்கம் கருமையின் அளவையும் காட்டுவதால், ஒன்றோடொன்று கலக்கக்கூடிய நிறங்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. கோட்டோவியத்தை மட்டும் ஆல்கஹாலில் கரையாத மையால் வரைந்து, நன்கு உலரவிட வேண்டும். இல்லையெனில் கருங்கோடு கசிந்து முகத்தையே கெடுத்துவிடும். மை தாளின் மறுபக்கம்வரை ஊறும். அடியில் வேறொரு தாள் வைப்பது அவசியம்.

விலை அதிகம்தான், மாணவர்களுக்குச் சுமையே. ஆயினும் மையை மீண்டும் நிரப்பவும் தேய்ந்த முனையை மாற்றவும் முடிவதால், பெரிய தொகுப்பைத் தவிர்த்து, தோல் நிறங்களும் சில சாம்பல் நிறங்களும் மட்டும் வாங்கித் தொடங்கலாம். இதன் மை சாயத்தால் ஆனது என்பதால் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. முடித்த ஓவியத்தை உடனே ஸ்கேன் செய்து, மூலத்தை வெயில் படாத கோப்பில் வைப்பது நல்லது.